62-ஆவதாக எடுக்கப்பட்ட லேன் ஹட்சன்: இவரைத் தடுப்பாட்டக்காரர் என்று சொல்லலாமா?

லாஸ்பேட்டை அப்பா

வணக்கம். இந்தப் பகுதியில் கிரிக்கெட்டும் கால்பந்தும் தவிர வேறு பேச்சு அபூர்வம் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. மூன்று ஆண்டுகளாகச் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு ஹாக்கி ஆடுகிறாள். தடுப்பு வரிசை. போன மாதம் ஒரு தேர்வில், ஆட்டம் பரவாயில்லை, தடுப்பு வரிசைக்கு இந்த உயரம் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் வண்டி நின்றபோது மட்டும், "லேன் ஹட்சன் எவ்வளவு உயரம்?" என்று கேட்டாள்.

தெரியாதவர்களுக்கு: லேன் ஹட்சன், மான்ட்ரியல் கனேடியன்ஸ் பனி ஹாக்கி அணியின் தடுப்பாட்டக்காரர். அமெரிக்கர், 2004 பிப்ரவரி 14-ஆம் தேதி பிறந்தவர். 2022-இல் வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்கான என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 61 பேரை எடுத்து முடித்த பிறகுதான் இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். காரணம் உயரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு ஆண்டுகள் ஆடினார். 2024-25 அவருடைய முதல் முழுப் பருவம்: 82 ஆட்டங்கள், 6 கோல், கோலுக்கு உதவியது 60 முறை. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை அவருக்குத்தான். 2025 அக்டோபரில் எட்டு ஆண்டுகளுக்கு 70.8 மில்லியன் டாலர் ஒப்பந்தம்.

என் தங்கை மான்ட்ரியலில் இருக்கிறாள். அவள் அனுப்பிய 48-ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மகள் தூங்குகிறாள்.

இப்போது என் கேள்வி. இந்த ஆளைக் காட்டி மகளைத் தேற்றுவது நேர்மையான காரியமா? "அவர் தடுப்பதே இல்லை, முன்னேறி ஆடுவதற்குத்தான் காசு" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: கடுகு சிறுத்தாலும் என்று யாராவது தொடங்கினால் இழையைப் பூட்டச் சொல்லிவிடுவேன்.

நெய்வேலி வட்டம் 21

நான் புல்தரை ஹாக்கியில் பதினெட்டு ஆண்டுகள் பின்வரிசையில் ஆடியவன். கோவில்பட்டி வரை போய் ஆடியிருக்கிறேன். பனியைப் பற்றி எனக்குத் தெரியாது. தடுப்பைப் பற்றித் தெரியும்.

60 உதவி என்கிறீர்கள். சந்தோஷம். அது எதிரணி எல்லைக்குள் நடக்கிற வேலை. பின்வரிசைக்காரனை அளப்பது வேறு கணக்கு: அவன் நின்ற பக்கமாக எத்தனை பேர் உள்ளே போனார்கள்? அந்தக் கணக்கை யாரும் சட்டையில் அச்சடித்து விற்பதில்லை. ஆள் மோதி ஆடலாம் என்று விதியே அனுமதிக்கிற ஆட்டத்தில் 73 கிலோ எடையோடு நிற்கிறவர், தொண்ணூற்றைந்து கிலோ ஆள் வேகமாக வந்தால் என்ன செய்வார்? நகர்ந்துகொள்வார்.

மான்ட்ரியல் என்றாலே எனக்கு 1976 ஒலிம்பிக்தான் நினைவுக்கு வருகிறது. முதல் முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி. அதுவரை ஏழு தங்கம் வாங்கிய நம் நாடு ஏழாம் இடம். அந்த ஊர்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

சொல்தா பேரன்

நெய்வேலி ஐயா, மான்ட்ரியல்மேல் கோபம் வேண்டாம், எனக்குப் பிரெஞ்சு மறக்காமல் இருப்பதே அந்த ஊரால்தான்.

எங்கள் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர். அவரிடம் கற்ற பிரெஞ்சில் இந்த ரப்பர் வட்டுக்கு 'பாலே' என்று பெயர். மான்ட்ரியல் வர்ணனையில் 'ரோந்தெல், ரோந்தெல்' என்று கத்துகிறார்கள். முதல் வாரம் முழுக்க அது ஏதோ ஓர் ஆட்டக்காரரின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லா இடத்திலும் இருக்கிறாரே, என்ன உழைப்பு என்று வியந்தேன்.

அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் இங்கே விடிகாலை 4.30. நவம்பர் முதல் வாரத்தில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் 5.30 ஆகிவிடும். வீட்டில் என்னை மார்கழி பஜனைக்காரன் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

தகவலுக்கு: கனேடியன்ஸ் வீரர் ஒருவர் கால்டர் கோப்பை வாங்குவது 1972-இல் கென் டிரைடனுக்குப் பிறகு இதுதான் முதல் முறை. டிரைடன் கோல்காப்பாளர். ஒரே பருவத்தில் 60 உதவி என்பது புதுமுகத் தடுப்பாட்டக்காரர்களில் 1980-81-இல் லாரி மர்ஃபி வைத்த சாதனைக்குச் சமம். அணியின் புதுமுகத் தடுப்பாட்டக்காரர் எடுத்த அதிகப் புள்ளி (கோலும் உதவியும் சேர்த்து) கிறிஸ் செலியோஸின் 64. அதை 66 ஆக்கிவிட்டார். இத்தனையும் 'நகர்ந்துகொண்டே' செய்தாரா என்று ஐயாவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

பவுலிங் மெஷின்

ஐஸ் கட்டியைக் கரும்புச் சாற்றில் போடுகிற ஊரில் ஐஸ் ஹாக்கி விவாதம். நடக்கட்டும்.

மஞ்சக்குப்பம் பிடிகாரன்

பனியை நானும் பார்த்ததில்லை. ஆனால் கபடியில் இடது கார்னரில் நின்று ஆள் பிடித்தவன் என்ற முறையில் நெய்வேலி ஐயாவிடம் ஒரு வழக்கு இருக்கிறது.

லாஸ்பேட்டை அண்ணன் அனுப்பிய காட்சிகளை நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் எனக்கும் கோல் அடிப்பதுதான் கண்ணில் பட்டது. பிறகு அதை விட்டுவிட்டு அந்த 48-ஆம் எண் பின்னால் சறுக்கும்போது மட்டும் பார்த்தேன். எதிராளி வட்டோடு வருகிறான். இவர் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறார். ஆனால் நடுவில் வழியை மறைத்து, ஓரத்தில் வழியைத் திறந்து வைக்கிறார். வருகிறவன் தானாக ஓரப் பலகைப் பக்கம் போகிறான். போனதும் மட்டை நீள்கிறது, வட்டு போய்விடுகிறது.

இது எங்கள் ஊர்ச் சடுகுடுப் பாடம் ஐயா. பாடி வருகிறவனை நடுக்களத்தில் மோதிப் பிடிக்கிறவன் முட்டாள். அவனுக்கு ஒரு பக்கம் ஆசை காட்டி, மூலைக்கு வரவழைத்து, கோட்டோடு சேர்த்து அமுக்க வேண்டும். கணுக்கால் பிடிக்கு உயரமான ஆளைத் தேட மாட்டார்கள், குனிய நேரமாகும். நான் ஐந்தடி ஐந்து. என்னைவிட இருபது கிலோ கூடுதலான ஆட்களைப் பிடித்திருக்கிறேன். எடையை எடையால் நிறுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எடை எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

இன்னொன்று. ஐந்தடி ஒன்பது அங்குலம் உள்ளவரைக் குள்ளம் என்று சொல்லி ஒரு பஞ்சாயத்தா? எங்கள் தெருவில் அந்த உயரத்துக்குப் பெயர் நெட்டை.

நெய்வேலி வட்டம் 21

பிடிகாரத் தம்பி, கபடியில் நீங்கள் ஏழு பேர், வருகிறவன் ஒருவன். சங்கிலி போட்டுப் பிடிப்பீர்கள். பனியில் ஐந்துக்கு ஐந்து. இவர் கைகோக்க யாரும் இல்லை.

ஓரத்துக்கு ஓட்டுவது சரி, ஒப்புக்கொள்கிறேன், நாங்களும் அதைத்தான் செய்தோம். ஆனால் ஓரத்துக்குப் போன பிறகு என்ன? பனி ஹாக்கியில் அங்கே கோடு இல்லை, பலகை இருக்கிறது. வெளியே போனான் என்று நடுவர் ஊத மாட்டார். பலகையோடு பலகையாகத் தள்ளுமுள்ளு. கோல் வாயில் முன்னாலும் அப்படித்தான். 2025-இல் பனி ஹாக்கிப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்ட பழைய தடுப்பாட்டக்காரர் ஸ்டெனோ சாரா ஆறடி ஒன்பது அங்குலமாமே. அவர் மட்டையை நீட்டி நின்றாலே பாதிக் களம் மூடிவிடும். அது தடுப்பு.

கெடிலக்கரை (இப்போது டொராண்டோ)

நெய்வேலி ஐயா, உங்கள் வாதத்தை உங்களிடமே திருப்பித் தருகிறேன். தரை மாறியதும் ஆட்டம் மாறியது, நம் ஆட்டக்காரர்கள் பின்தங்கினார்கள் என்பதுதானே உங்கள் 1976 வருத்தம்? பனியிலும் அப்படி ஓர் ஆண்டு உண்டு. அது 2005.

2004-05 பருவம் சம்பளத் தகராறில் முழுதாக ரத்தானது. திரும்பி வந்தபோது விதிகளை மாற்றினார்கள். அதுவரை தடுப்பாட்டக்காரர் எதிராளியின் இடுப்பில் மட்டையைக் கொக்கி போட்டு இழுப்பது, கையால் பிடித்து நிறுத்துவது எல்லாம் பெரும்பாலும் கண்டுகொள்ளப்படாது. 2005-க்குப் பிறகு அவற்றுக்குக் கறாராகத் தண்டனை கொடுக்கத் தொடங்கினார்கள். கூடவே, சொந்த எல்லையிலிருந்து நடுக்கோட்டைத் தாண்டி நேராகப் பாஸ் கொடுக்கக் கூடாது என்ற தடையையும் நீக்கினார்கள். இந்த இரண்டும் சேர்ந்து பின்வரிசைக்காரரின் வேலையையே மாற்றிவிட்டன. ஆளை அமுக்கி வைத்திருக்க முடியாது. வட்டைப் பிடுங்கிய மறு நொடியே நீளமாக ஒரு பாஸ் கொடுத்தால் நம் ஆள் அந்தப் பக்கம் தனியாக ஓடுவார். சுமை தூக்குகிறவருக்குப் பதில் கண் உள்ளவர் தேவைப்பட்டார். குயின் ஹியூஸ், கேல் மக்கார் போன்றவர்கள் இந்தக் காலத்து விளைச்சல். இருவருமே ஆறடி தொடாதவர்கள், இருவருமே சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை வாங்கியவர்கள்.

ஆனால் 'பாபி ஓர்' என்று ஒருவர் 1970-லேயே தடுப்பு வரிசையில் நின்றுகொண்டு லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்துவிட்டார். 1975-இல் மறுபடியும். இன்றுவரை வேறு எந்தத் தடுப்பாட்டக்காரரும் அதைச் செய்யவில்லை. ஆகவே ஹட்சன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

லாஸ்பேட்டை நண்பருக்குத் தனியாக ஒன்று. மகளுக்குக் கதை சொல்லும்போது தயவுசெய்து இவரைக் குடிசையிலிருந்து வந்தவர்போல் ஆக்கிவிடாதீர்கள். அமெரிக்கத் தேசியப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து வளர்ந்தவர். அண்ணன் குயின், தம்பி கோல், இருவருமே இதே ஆட்டம், இதே பாஸ்டன் பல்கலைக்கழகம். ஏழு சுற்றுத் தேர்வில் 62 என்பது இரண்டாம் சுற்று; ஹட்சனோடு கால்டர் கோப்பைக்குப் போட்டியிட்ட கோல்காப்பாளர் டஸ்டின் வுல்ஃப் எடுக்கப்பட்டது 214-ஆவது இடத்தில். இங்கே பிள்ளைகளை விடிகாலை ஆறு மணிக்குப் பனிக்கூடத்துக்கு ஓட்டிப்போகும் பெற்றோரை நான் தினமும் பார்க்கிறேன். காலணி, கவசம், மட்டை, கூட வாடகை என்று அந்த வீடுகளில் ஆகிற செலவில் நம்மூரில் ஒரு கல்யாணமே நடத்தலாம். உயரம் மட்டும்தான் அவருக்கு எதிராக இருந்தது. மற்றதெல்லாம் சாதகமாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு நிலைமை நேர்மாறு.

லாஸ்பேட்டை அப்பா

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உண்மைதான். எங்களுக்குக் கூடம்கூட இல்லை, வெட்டவெளித் தளம். ஐப்பசி பிறந்தால் பாதி நாள் தண்ணீர் நிற்கிறது.

ஆனாலும் கேட்கிறேன்: தேர்வுக்கு முன்பு ஹட்சன் ஒரு மருத்துவரிடம் கடிதம் வாங்கிப்போய் அணிகளுக்குக் காட்டினார் என்று படித்தேன். எலும்பு இன்னும் முதிரவில்லை, வளர இடம் இருக்கிறது என்று. அப்படி ஒரு சோதனை இங்கேயும் செய்ய முடியுமா?

இடது மணிக்கட்டு

குழந்தை மருத்துவத் துறையில் இருப்பதால் இதற்கு மட்டும் பதில்.

செய்ய முடியும், பெரிய விஷயமும் இல்லை. இடது கை, மணிக்கட்டு இரண்டும் தெரியும்படி ஓர் எக்ஸ்ரே. வளரும் வயதில் எலும்பு நுனியில் குருத்துப் பட்டை இருக்கும். அது எக்ஸ்ரேயில் இடைவெளியாகத் தெரியும். வயதாக ஆக மூடும். வயதுவாரியாக இருக்கும் மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு, எலும்பின் வயது என்ன என்று மதிப்பிடுவோம். பிறந்த வயது பதினெட்டு, எலும்பு வயது பதினாறு என்றால் இன்னும் கொஞ்சம் வளர்ச்சி பாக்கி என்று பொருள். சில குடும்பங்களில் தாமதமாகப் பூப்பெய்துவதும் தாமதமாக வளர்வதும் இயல்பு, நோய் அல்ல.

ஆனால் பெண் பிள்ளைகளுக்கு, முதல் மாதவிலக்குக்குப் பிறகு வளர்ச்சி பெரும்பாலும் சில அங்குலங்களோடு நின்றுவிடும். அந்தக் கணக்கு வீட்டில் அம்மாவுக்கே தெரியும், அதற்கு எக்ஸ்ரே வேண்டாம். வளர்ச்சியில் உண்மையான கவலை இருந்தால் மருத்துவரிடம் போங்கள். ஒரு தேர்வாளருக்குப் பதில் சொல்வதற்காகப் பதின்மூன்று வயதுக் குழந்தையைப் படம் பிடிக்கப் போகாதீர்கள். "உன் உடம்பில் குறை இருக்கிறதா என்று அப்பா பார்க்கிறார்" என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

அரைமண்டி

இத்தனை ஆண்கள் எடையையும் உயரத்தையும் பேசிவிட்டீர்கள். இடுப்பைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று காத்திருந்தேன்.

நான் பரதம் சொல்லித் தருகிறவள். ஹாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. என் மாணவி ஒருத்தி சொல்லித்தான் இந்த இழைக்கு வந்தேன். அந்தப் பையன் நீலக் கோட்டருகே பக்கவாட்டில் சறுக்குவதைப் பாருங்கள். குதிகால்கள் ஒன்றையொன்று நோக்கி, பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பி, முழங்கால் மடங்கி, முதுகு நிமிர்ந்து. அது அரைமண்டி. தரையில் நிற்பதற்கே எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டு ஆகிறது. அவர் அதில் நின்றுகொண்டு கத்திபோன்ற காலணியில் வழுக்கிக்கொண்டு போகிறார்.

இதனால் என்ன ஆகிறது என்றால், மார்பு எதிராளியைப் பார்த்தபடியே இருக்கிறது. எந்தப் பக்கம் போகப்போகிறார் என்று காலைப் பார்த்துச் சொல்ல முடியாது. தோளை இடப்பக்கம் சாய்க்கிறார், கண்ணும் இடப்பக்கம் போகிறது, எதிரே நிற்கிறவன் நம்பி நகர்கிறான், இவர் வலப்பக்கம் போய்விடுகிறார். கை போகும் இடத்துக்குக் கண் போகும் என்று நாங்கள் சொல்லித் தருகிறோம். இவர் வேண்டுமென்றே அதைக் கலைக்கிறார். பொய் அபிநயம்.

அந்தக் குழந்தைக்கு உயரத்தை யாரும் தர முடியாது. இடுப்பு திறப்பதைச் சொல்லித் தரலாம்.

சொல்தா பேரன்

பொய் அபிநயம்! இனி வர்ணனையாளர் என்ன கத்தினாலும் என் காதில் இதுதான் விழும்.

இந்த அணியின் பயிற்சியாளர் மார்ட்டின் செயின்ட் லூயி பற்றி யாரும் சொல்லவில்லையே. ஐந்தடி எட்டு அங்குலம். இளம் வீரர் தேர்வில் இவரை எந்த அணியும் எடுக்கவே இல்லை. 2004-இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும், லீக்கை வெல்லும் அணிக்கான ஸ்டான்லி கோப்பையும் ஒரே ஆண்டில். 2018-இல் புகழ் மன்றம். பெரிய பெரிய ஆட்களை வைத்திருக்கிற பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்திருந்தால் ஹட்சனின் கதை இப்படிப் போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆட்டத்துக்குச் சராசரியாக 22 நிமிடத்துக்கு மேல் ஒரு புதுமுகத்தைக் களத்தில் விட்டுவைக்கத் துணிச்சல் வேண்டும். பிழை செய்தால் அடுத்த முறையும் அனுப்ப வேண்டும்.

நெய்வேலி வட்டம் 21

மூன்று நாளாக எழுதவில்லை. மூன்று நாளும் விடிகாலையில் எழுந்து பழைய ஆட்டங்களைப் பேரனின் உதவியோடு பார்த்தேன். என் மனைவிக்கு இந்தத் தளத்தின்மேல் கடும் கோபம்.

கெடிலக்கரைத் தம்பியின் 2005 அடி சரியான இடத்தில் விழுந்தது. பதில் இல்லை. தரை மாறியதற்கு ஐம்பது ஆண்டாக அழுகிறவன், அங்கே தரை மாறியதைப் பார்க்க மறுத்தால் எப்படி.

ஆனால் முழுதாகச் சரணடையவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன். கோல் வாயில் முன்னால் பெரிய ஆள் வந்து நின்றால் ஹட்சன் அவரைத் தள்ளுவதில்லை. தள்ள முடியாது என்று தெரிந்து, கடைசி நொடியில் அடியிலிருந்து மட்டையைக் கொடுத்து எதிராளியின் மட்டையைத் தூக்கிவிடுகிறார். நேரம் தவறினால் கோல். தவறுவதும் உண்டு. சாராவுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. ஆறடி நாலங்குலத் தடுப்பாட்டக்காரர் நோவா டாப்சனை 2025 கோடையில் இவர்கள் விலைபேசி வாங்கியதே இந்த ஓட்டையை அடைக்கத்தான் என்று நினைக்கிறேன். ஆகவே, நல்ல தடுப்பாட்டக்காரர். ஆனால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து. இதற்குமேல் என்னால் இறங்கி வர முடியாது.

இன்னொன்றும் பார்த்தேன். வட்டு தன் கோலுக்குப் பின்னால் போய்விடுகிறது. எதிராளி முதுகில் மோத வருகிறான். இவர் வட்டை எடுக்கப் போகும் வழியிலேயே இரண்டு முறை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார். தொடுவதற்கு முன்பே எங்கே அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. பதினெட்டு ஆண்டுகள் ஆடியும் நான் ஒரு முறைதான் திரும்பிப் பார்ப்பேன். சில நாள் அதுவும் இல்லை. முன்பல் இரண்டு அதில்தான் போயின.

பவுலிங் மெஷின்

நானும் ஒரு ஆட்டம் பார்த்துத் தொலைத்தேன். வட்டு கண்ணுக்கே தெரியவில்லை. எப்படிப் பார்க்கிறீர்கள்?

சொல்தா பேரன்

வட்டைப் பார்க்காதீர்கள். ஆளைப் பாருங்கள். ரோந்தெலுக்கு நான் முதல் வாரம் பார்த்த பார்வை போதும்.

லாஸ்பேட்டை அப்பா

எல்லாருக்கும் நன்றி. எக்ஸ்ரே எண்ணத்தைக் கைவிட்டேன். மணிக்கட்டு மருத்துவருக்குத் தனியாக நன்றி. உண்மையில் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கி வைத்திருந்தேன்.

நேற்று இந்த இழை முழுவதையும் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். உயரம் பற்றிய பகுதிகளை விரலால் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். ஐயா எழுதிய 'இரண்டு முறை தலையைத் திருப்பி' என்ற இடத்தில் நின்றாள். அவள் குறையே வேறாம். கோலுக்குப் பின்னால் வட்டை எடுத்துவிட்டுத் தலையைத் தூக்கினால் பாஸ் வாங்க யாரும் நிற்பதில்லையாம். பையன்கள் எல்லாரும் முன்னாலேயே போய்க் காத்திருக்கிறார்களாம். "நான் யாருக்குக் கொடுப்பது?" என்கிறாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

நெய்வேலி வட்டம் 21

அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. பலகைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பலகையில் பட்டுத் திரும்பி வரும் கோணம் ஒன்று உண்டு. அதை எழுத்தில் விளக்க முடியாது. தளத்தில் தண்ணீர் வடிந்துவிட்டதா?

லாஸ்பேட்டை அப்பா

இன்று வெயில் அடித்தது. துடைப்பம் போட்டால் ஞாயிறு காலைக்குள் காய்ந்துவிடும்.

நெய்வேலி வட்டம் 21

முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். துடைப்பம் இரண்டாக வையுங்கள்.

மஞ்சக்குப்பம் பிடிகாரன்

மூன்றாக வையுங்கள்.